பென்னி கொண்டாந்த தைலம்

நாள் பார்த்தது தேவதர்ஷினிதான். நிறைந்த அமாவாசை, சாயங்காலம் நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதிலிருந்து துர்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலைக் கூட்டினாள். கூட்டிய வாசலையே மறுபடியும் கூட்டினாள். பம்மலில் அவள் குடியிருந்த மாடி வீட்டுக்கு வாசல் என்று இருந்தது ஒரு முறம் அகலம். அதற்குப் போய் இரண்டு தரம் துடைப்பம் எடுத்தவள் அவளாகத்தான் இருப்பாள்.

தேவதர்ஷினிக்கு மேற்குத் தாம்பரத்தில் பட்டுப் புடவைக் கடை. ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இன்று மூன்று மாடி எழுப்பி, கல்யாணப் புடவைக்கென்றே பேர் வாங்கிய குடும்பம். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் வலது கைப்பக்கம் ஒரு மூலை. அங்கே இருந்த வாட்ச் கடைக்காரர் காலி செய்துவிட்டுப் போக, அந்த இடம் சும்மா கிடந்தது. துர்கா கேட்டிருந்தது அந்த மூலையைத்தான். அங்கே ஒரு கண்ணாடி கவுன்ட்டர், உள்ளே வரிசையாக அத்தர் குப்பிகள், பின்னால் அவள். அவ்வளவுதான் அவளுடைய ஆசை.

அதே மூலையை ஹரிபிரசாத் என்று ஒருவனும் கேட்டிருந்தான். செல்போன் உறை விற்கிறவன். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களுக்கு போன் உறை எதற்கு என்று அவனை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது, அவனும் நம்பிக்கையோடு நடந்துகொண்டிருந்தான்.

தேவதர்ஷினி இருவருக்கும் பிடி கொடுக்கவில்லை. துர்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். "ரோஜா, மல்லி எல்லாம் எந்த ஃபேன்சி ஸ்டோர்லயும் கிடைக்குது துர்கா. இப்ப மாப்பிள்ளைப் பசங்க வந்து ஊது இருக்கா, ஊது இருக்கான்னு கேக்கறாங்க. எனக்கு அது என்னன்னே தெரியல. அமாவாசை அன்னிக்கு உன் வீட்டுக்கே வரேன், காட்டு. என்னை அப்படியே புடிச்சு நிறுத்திச்சுன்னா மூலை உனக்கு. இல்லன்னா அந்தப் பையனுக்குக் குடுத்துடறேன்."

ஊது என்றால் நம்மில் பாதிப் பேருக்கு ஊதுபத்திதான் ஞாபகத்துக்கு வரும். அவர்கள் மேல் குற்றமில்லை. இது அகில் மரத்திலிருந்து இறக்குகிற எண்ணெய். நல்ல மரத்திலிருந்து வராது. மரத்துக்குச் சீக்கு பிடித்து, காயம் பட்ட இடத்தில் ஒரு பிசின் ஊறி, கட்டை கறுத்துப்போக வேண்டும். அந்தக் கறுப்புக் கட்டையிலிருந்து வடிப்பதுதான் ஊது. சீக்கே வராத அகில் மரம் அடுப்பெரிக்கத்தான் லாயக்கு. இந்த விஷயத்தை யோசிக்கும்போதெல்லாம் துர்காவுக்கு ஒரு திருப்தி உண்டாகும்.

அவளுக்கும் ஊதுக்கும் அறிமுகமானது பல்லாவரத்தில் ஓர் அத்தர் கடையில். அங்கே அவள் பல வருஷம் விற்பனைக்கு நின்றாள். ஒரு நாள் மூடி சரியில்லாத குப்பியிலிருந்து ஊது அவள் மணிக்கட்டில் வழிந்துவிட்டது. மாட்டுக் கொட்டகை நாற்றம்! சாணி, ஈர வைக்கோல், பழைய தோல் எல்லாம் சேர்ந்து மண்டையில் அடித்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இதையா ஷேக்குகள் கொட்டிக் கொடுத்து வாங்குகிறார்கள் என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் உலைக்கு அரிசி களையும்போது எங்கிருந்தோ ஒரு மணம். வெல்லப்பாகு மாதிரி, நன்னாரி மாதிரி, அணைந்த சந்தனக்கட்டைப் புகை மாதிரி. எங்கே என்று தேடினாள். தன் கைதான். அன்று ஒரு கையை முகத்திலேயே வைத்துக்கொண்டு மறு கையால் அரிசி களைந்தாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், அந்தக் கடை மூடிய பிறகும் அவளை விடவில்லை.

ஆகவே தேவதர்ஷினி ஊது என்று கேட்டதும் துர்கா கண்ட கண்ட சரக்கை வாங்கவில்லை. கடையில் அவளோடு வேலை பார்த்த செல்வமேரிக்கு போன் போட்டாள். செல்வமேரியின் புருஷன் பென்னி ஷார்ஜாவில் இருக்கிறான், லீவில் வரப்போகிறான். சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அனுப்பி, அசல் அஸ்ஸாம் ஊதில் கால் தோலா வாங்கிவரச் சொன்னாள். ஒரு கட்டை விரல் உயரத்துக்கு ஒரு குப்பி.

அமாவாசையும் வந்தது. காலையில் குரோம்பேட்டைக்குப் போய் அத்தர் தொட்டு வைக்கக் கண்ணாடிக் குச்சியும், குப்பிகளை அடுக்க ஒரு வெல்வெட் தட்டும் வாங்க வேண்டியிருந்தது. பஸ்ஸிலிருந்தே அம்மாவுக்கு போன் செய்தாள். அம்மா அங்காளம்மா பம்மல் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். அமாவாசையில் மீன் வியாபாரம் ஓடாது என்பதால் அன்று வீட்டில் இருந்தாள்.

"யம்மா, செல்வமேரி ஒரு பை கொண்டாந்து குடுப்பா. அதுல ஊது கீது. பத்திரமா எடுத்து பீரோவுல வெச்சிப் பூட்டு. ஒருத்தரும் தொடக்கூடாது."

"எனக்கின்னா, சொல்லியா தரணும்? வெச்சிடறேன், நீ போயினு வா."

வெல்வெட் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு துர்கா திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. கீழ் வீட்டில் இருக்கிற வீட்டுக்காரம்மா தாயாரம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட் அருகே நின்றிருந்தாள்.

"துர்கா, மேல மாடு கீடு கட்டி வெச்சிக்கீறீங்களா? தோல் பதம்போடற ஷாப்பு வாடையிலயே பொறந்து வளந்தவ நானு. எனக்கே கொமட்டுது!"

துர்காவுக்கு அந்த வாடை தெரியும். முதலில் மனசு துள்ளியது. அசல் சரக்கு! பென்னி ஏமாந்துவிடவில்லை! பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மூடி போட்ட குப்பி கீழ் வீடு வரைக்கும் வீசாது. படிகளில் தடதடவென்று ஏறினாள்.

அங்காளம்மா பாயில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். புடவை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. முட்டி இரண்டும் தேன் பூசிய மாதிரி பளபளத்தன. ஒரு பழைய பாவாடையைக் கிழித்து முட்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"வாடி. இந்த தபா பென்னி தங்கமான தைலம் குடுத்துக்கீறான். இன்னா காட்டம்! நாத்தம் அடிச்சாத்தான்டி மருந்து. பூ மாரி மணந்தா அது எங்க வலிய எடுக்கும்?"

பென்னி ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் முட்டிவலிக்கு ஒரு தைலக் குப்பி கொண்டு வராமல் இருந்ததே இல்லை. அது அவனுக்கு ஒரு பழக்கம், இவளுக்கு ஓர் உரிமை. இந்தத் தடவை மறந்துவிட்டான் என்பது இவளுக்கு எப்படித் தெரியும்?

"ஊது எங்கம்மா?" துர்காவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பீரோவுல. நீ சொன்ன மாரியே பூட்டிட்டேன். இந்தா சாவி."

திறந்து பார்த்தாள். கம்மல் டப்பாவுக்குப் பக்கத்தில், பட்டுப் புடவையின் மடிப்புக்குள், ஒரு ஊதுபத்தி பாக்கெட் பத்திரமாகப் படுத்திருந்தது. செல்வமேரி சும்மா இருக்கட்டுமே என்று பையில் போட்ட பாக்கெட்.

"அந்தக் குப்பி?"

"கழுவிக் கவுத்துக்கீறேன். சொல்லக்கூடாது, அம்சமான குப்பிடி. வெத்தலைக்கு சுண்ணாம்பு போட்டு வெச்சிக்கலாம்."

துர்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெல்வெட் தட்டு மடியிலிருந்து நழுவியது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் வாயில் நல்ல வார்த்தை வராது.

"மீன் கூடையிலயே கெடக்கறவளுக்கு வாசனைன்னா இன்னான்னு தெரியும்!"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த மீன் கூடைதான் அவளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தது. அங்காளம்மா கட்டிக்கொண்டிருந்த துணியைப் பாதியில் விட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். நடந்தது என்ன என்று துர்கா அழுதுகொண்டே சொன்னாள்.

"நீ ஊதுன்னுதானேடி சொன்ன? எண்ணெய்னு சொன்னியா?" என்று மட்டும் அங்காளம்மா கேட்டாள்.

நியாயமான கேள்வி.

செல்வமேரிக்கு போன் போட்டாள். இன்னொரு குப்பி இருக்குமா என்று கேட்டாள். "அந்த ஒண்ணுக்கே பென்னி கடை கடையா ஏறி எறங்குனாரு" என்றாள் செல்வமேரி. விஷயம் என்ன என்று கேட்டாள். துர்கா சொன்னாள். "முட்டிக்கா?" என்றாள். பிறகு ஒரே சிரிப்பு. துர்கா போனை வைத்துவிட்டாள்.

தேவதர்ஷினியை இன்னொரு நாள் வரச் சொல்லலாமா? சொன்னால் அவள் சரி என்றுதான் சொல்வாள். சொல்லிவிட்டு ஹரிபிரசாத்தைக் கூப்பிடுவாள். அமாவாசை காத்திருக்காது. வருவது வரட்டும் என்று துர்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, ரோஜா, மல்லி, வெட்டிவேர், சந்தனம் என்று இருக்கிற குப்பிகளைத் தட்டில் அடுக்கினாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"யம்மா, நீயாவது போய் குளிச்சிட்டு வந்துடு. வூடே மாட்டுக் கொட்டா மாரி கீது."

"தைலம் தேச்ச ஒடம்புல தண்ணி ஊத்துனா ஜன்னி கண்டுடும். நாளைக்குத்தான் குளிப்பேன்."

"அது தைலம் இல்லம்மா!"

"எண்ணெய்தானே? எல்லாம் ஒண்ணுதான்." அங்காளம்மா பாயிலேயே ஒருக்களித்துப் படுத்துவிட்டாள்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. தேவதர்ஷினிக்குக் காபி போட வேண்டுமே என்று துர்கா பால் வாங்கக் கீழே இறங்கினாள். கடையில் கூட்டம். பாக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பி கேட்டைத் திறந்தால், தாயாரம்மாள் படிக்கட்டின் நடுவில் நின்று, கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா துர்கா, அமாவாசைக்கு சாம்பிராணி போட்டியா? கோயிலாட்டம் கீதே! எங்க வாங்குன? எனக்கும் ரவ்வூண்டு குடேன்."

துர்கா முதல் படியிலேயே நின்றுவிட்டாள். காலையிலிருந்து அந்த அறைக்குள்ளேயே கிடந்ததில் அவள் மூக்கு மரத்துப்போயிருந்தது. வெளிக்காற்று பட்ட பிறகு இப்போதுதான் அது விழித்துக்கொண்டது. வெல்லப்பாகு. நன்னாரி. அதற்கு அடியில் ஈரமான காடு, அதற்கும் அடியில் மெல்லிசாகப் புகை. மேலே போகப் போகக் கூடிக்கொண்டே போனது. அவள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள், பாக்கெட்டைத் தரையில் வீசினாள், பாயில் மண்டியிட்டு அம்மாவின் முட்டியில் மூக்கை வைத்தாள்.

இவ்வளவு நல்ல ஊதை அவள் பல்லாவரம் கடையில்கூட முகர்ந்ததில்லை. உடம்புச் சூட்டில் காலையிலிருந்து பக்குவமாகி, கனிந்து, நின்று பேசியது. அலற வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"யம்மா! ஆடாத! அசையாத!"

"இன்னாடி, பூரானா?" அங்காளம்மா பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"பூரானும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேடம் வந்தா உன் முட்டியத்தான் காட்டப் போறேன்."

"செருப்பு பிஞ்சிடும்! அவ்ளோ பெரிய கடைக்காரம்மா வந்து என் முட்டிய மோந்து பாக்கணுமா? எனக்கு மானம் இல்ல?" அங்காளம்மா புடவையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்து மூடினாள். குரல் இறங்கியது. "நாப்பது வருசமா பஸ்ல ஏறுனா என் பக்கத்து சீட்டு காலியாவுது. என்மேல இன்னா வாசனைன்னு எனக்குத் தெரியும்டி. என்னை வெச்சி உன் யாவாரத்தைக் கெடுத்துக்காத."

காலையில் தான் சொன்ன வார்த்தை துர்காவின் நெஞ்சில் வந்து குத்தியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கீழே கார் ஹாரன் கேட்டது.

துர்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள் தேவதர்ஷினி மேலே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, "துர்கா, சாரி, ட்ராஃபிக்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே காலெடுத்து வைத்தாள். வெளியே கண்ணைப் பறிக்கிற வெயில், உள்ளே இருட்டு. அங்காளம்மா அவசரமாகக் காலை மடக்கப் பார்த்தாள், முட்டி மடங்கினால்தானே? தேவதர்ஷினியின் கால் கிழவியின் காலில் நன்றாகவே பட்டுவிட்டது.

"ஐயோ! பாக்கலம்மா, மன்னிச்சுக்கோங்க!"

அடுத்தவர் மேல் கால் பட்டால் கை என்ன செய்யும்? நம்மைக் கேட்டா செய்கிறது? தேவதர்ஷினி சட்டென்று குனிந்து, எண்ணெய் ஊறியிருந்த புடவையோடு அந்த முட்டியைத் தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முகத்துக்குப் போன கை அங்கேயே நின்றுவிட்டது.

தேவதர்ஷினி விரல்களை மூக்கருகே வைத்து இழுத்தாள். மறுபடி இழுத்தாள். அவளுக்காகத் துடைத்துப் போட்டிருந்த நாற்காலியைப் பார்க்கவேயில்லை, நல்ல பட்டுப் புடவையோடு பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"துர்கா, என்ன இது? மொதல்ல இனிப்பா இருந்துச்சு. இப்ப வேற மாதிரி வருது. இதுவா ஊது?"

"இதான் மேடம்."

"பாட்டிலைக் காட்டு!"

ஒரு பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். துர்காவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்மா பக்கம் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டில் காலி மேடம். தைலம்னு நெனச்சி எங்கம்மா முட்டிக்குத் தேச்சிட்டாங்க. கால் தோலாவும்."

தேவதர்ஷினி அவளைப் பார்த்தாள், அங்காளம்மாவைப் பார்த்தாள், தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு வந்தது பாருங்கள் சிரிப்பு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். சிரித்து முடித்தும் கேள்வியை விடவில்லை. வியாபாரிக் குடும்பம்.

"சரி, கையில சரக்கே இல்ல. மூலையை வாங்கி என்ன பண்ணுவ?"

"சரக்கு வரும் மேடம். பென்னி திரும்பிப் போனதும் அனுப்புவாரு. ஆனா நல்ல காலம், இன்னிக்கு குப்பி இல்ல!" துர்காவுக்கு வார்த்தை முட்டிக்கொண்டு வந்தது. "காலைல இந்த வூட்ல மாட்டுக் கொட்டா நாத்தம். வீட்டுக்காரம்மாவக் கேட்டுப் பாருங்க. குப்பியத் தெறந்து உங்ககிட்ட நீட்டியிருந்தா மூக்கைப் புடிச்சிக்கினு எறங்கிப் போயிருப்பீங்க. இதுக்கு நேரம் குடுக்கணும் மேடம். உங்க கடையில நேரத்துக்கா பஞ்சம்? கல்யாணப் புடவை எடுக்க வர்ற குடும்பம் எப்போ உள்ள வந்து எப்போ வெளிய போவுது?"

"காலைல வந்தா சாயங்காலம்" என்றாள் தேவதர்ஷினி. சொல்லும்போதே அவள் கண் விரிந்தது.

"அதான் மேடம்! நான் வாசல் மூலையில நிப்பேன். உள்ள வரும்போதே ஆளுக்கொரு சொட்டு கையில வெச்சி அனுப்பிடுவேன். மூணு மாடியும் ஏறி, சண்டை போட்டு, சமாதானமாகி, புடவை எடுத்துக்கினு எறங்கி வரட்டும். அதுக்குள்ள கை மணக்க ஆரம்பிச்சிடும். எறங்குனா என்னாண்ட நிக்காம எங்க போயிடுவாங்க?"

தேவதர்ஷினியின் விரல்கள் மறுபடியும் மூக்குக்குப் போய்விட்டன. அவள் மனசுக்குள் கடையின் மூன்று மாடியும் மணப்பது துர்காவுக்குத் தெரிந்தது.

"அந்தப் பையனுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றாள் கடைசியில். "கவுன்ட்டருக்கு அளவெடுக்க நாளைக்கு ஆசாரி வருவார். நீயும் வந்துடு."

துர்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "கெடச்சிடுச்சிம்மா! மூலை கெடச்சிடுச்சி!" என்று கத்தியது தாயாரம்மாளுக்கும் அடுத்த வீட்டுக்கும் சேர்த்துக் கேட்டது. அங்காளம்மா மகளின் கையை மெல்ல விலக்கினாள். அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. தேவதர்ஷினியின் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, நல்லா யோசிச்சியா? மீன்காரி பொண்ணாண்ட அத்தர் வாங்க எவ வருவா?"

"நான் வந்தேனேம்மா. உங்க காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தானே வாங்கியிருக்கேன்!"

அங்காளம்மா அவளையே உற்றுப் பார்த்தாள். கேலி செய்கிறாளா என்று தேடினாள். அந்த முகத்தில் கேலி இல்லை, விரல்கள் இன்னும் மூக்கருகில்தான் இருந்தன. கிழவி கணுக்கால் வரை இழுத்து மூடியிருந்த புடவையை மெதுவாக மேலே தள்ளினாள். மற்ற காலைக் கைகளால் பிடித்து, தேவதர்ஷினியின் பக்கமாக நீட்டி வைத்தாள்.

"அப்போ இதையும் மோந்து பாரும்மா. இந்தக் கால்ல இன்னும் நல்லாத் தேச்சிக்கீறேன்."